ஆயிரம் பேர் இருக்கும் குழுவில் பாகம் எண் தெரிந்தவர் எத்தனை பேர்?

தேர்தல் தேதி அறிவித்த வாரத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு வாக்காளர் குழு பிறக்கும். பத்து நாளில் 800 பேர் சேர்ந்துவிடுவார்கள். முடிவு வந்த மறுநாள் இரண்டு கட்சிக்காரர்கள் அதில் மோதிக்கொள்வார்கள், பாதிப் பேர் வெளியேறுவார்கள். ஆடி பிறப்பதற்குள் காலை வணக்கப் படங்கள் மட்டும் மிஞ்சும். தேர்தல் சீர்திருத்தம் கேட்கும் இணையக் குழுக்களில் பெரும்பாலானவை இப்படித்தான் மடிகின்றன. கோபத்தை நம்பி ஆள் சேர்த்ததே காரணம். கோபத்தின் ஆயுள் வாக்குப்பதிவு நாள் வரைதான். உறுப்பினர் கையில் வேலை இருந்தால் குழு அடுத்த தேர்தல் வரை தாங்கும்.

வேலை பிரிப்பதற்கு முன்னால், எந்தக் கோரிக்கையை எந்த வாசலில் வைப்பது என்று தெரிய வேண்டும். 'சீர்திருத்தம்' என்றதும் ஒருவர் விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தை நினைப்பார், ஒருவர் ஓட்டுக்குத் துட்டை, இன்னொருவர் வாக்கு இயந்திரத்தை. அதிக ஓட்டு வாங்கியவரே வெற்றி என்ற முறையை மாற்ற நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். 1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தும் விதிகளை ஒன்றிய அரசு தேர்தல் ஆணையத்தைக் கலந்து திருத்துகிறது. சிசிடிவி போன்ற மின்னணுப் பதிவுகளைப் பொதுமக்கள் பார்வையிடுவதற்குக் கட்டுப்பாடு போட்ட 93ஆவது விதியின் திருத்தம் 2024 டிசம்பரில் அப்படி வந்ததுதான். பட்டியல் திருத்தத்தின் கால அட்டவணை, பார்வையாளர் நியமனம் போன்றவை ஆணையத்தின் உத்தரவிலேயே முடியும். ஊராட்சி, நகராட்சித் தேர்தல் என்றால் அது மாநிலத் தேர்தல் ஆணையத்தின் வேலை, டெல்லிக்கு எழுதிப் பயனில்லை. சட்டத் திருத்தம் கேட்டுக் கலெக்டரிடம் மனு கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பும் குழுக்கள் ஏராளம். பதில் வராது; வராதபோது 'எதுவும் மாறாது' என்று உறுப்பினர்கள் ஓய்ந்துவிடுவார்கள்.

கோரிக்கை எவ்வளவு குறுகலாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ஏடிஆர் என்னும் ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கத்தை 1999இல் தொடங்கியவர்கள் அகமதாபாத் ஐஐஎம் பேராசிரியர்கள் சிலர். டெல்லி உயர் நீதிமன்றத்தில் அவர்கள் கேட்டது, வேட்பாளரின் பின்னணியை வாக்காளருக்குச் சொல்லுங்கள் என்பதை மட்டும். 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. நாடாளுமன்றம் உடனே 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 33பி (33B) என்ற பிரிவைச் சேர்த்துத் தீர்ப்பை முடக்கப் பார்த்தது. 2003 மார்ச்சில் அந்தப் பிரிவும் செல்லாது என்றானது. பிறகு வேட்பாளர்கள் கட்டங்களைக் காலியாக விட்டுத் தப்பித்தார்கள். படிவங்களை உட்கார்ந்து படித்தவர்கள் இருந்ததால் அது வெளிப்பட்டு, காலிக் கட்டத்தை நிரப்பச் சொல்லியும் நிரப்பாத மனுவைத் தள்ளுபடி செய்யலாம் என்ற தீர்ப்பு 2013இல் வந்தது. பீகாரில் 2025 ஆகஸ்ட் வரைவுப் பட்டியலில் சுமார் 65 லட்சம் பெயர்கள் விடுபட்டபோதும், விடுபட்டவர்களின் பட்டியலைக் காரணத்தோடு வாக்குச்சாவடி வாரியாக வெளியிட வேண்டும் என்ற உச்ச நீதிமன்ற உத்தரவு அதே மாதம் கிடைத்தது. எல்லாமே காகிதம் கேட்ட வழக்குகள்.

ஆகவே குழுவின் முதல் வேலையும் காகிதம்தான். ஒரு சட்டமன்றத் தொகுதி, 15 முதல் 20 பேர், ஆளுக்கு அவரவர் தெரு இருக்கும் பாகம், அதாவது ஒரு வாக்குச்சாவடிக்கு உரிய வாக்காளர் பட்டியல். ஒரு வாக்குச்சாவடிக்கு 1,200 வாக்காளர் என்பது இப்போதைய உச்ச அளவு, அதனால் ஒரு பாகத்தை இரண்டு பேர் இரண்டு ஞாயிறில் முடிக்கலாம். இணையத்தில் கிடைக்கும் வாக்காளர் பட்டியல் படமாக ஸ்கேன் செய்த பிடிஎஃப். அதில் பெயரைத் தட்டித் தேட முடியாது. அச்செடுத்துக்கொண்டு தெருத் தெருவாக நடப்பது வேகமான வழி. இறந்தவர், வீடு மாறியவர், இருந்தும் பெயர் இல்லாதவர் என மூன்று குறிகள் போதும். பெயர் சேர்க்கப் படிவம் 6, நீக்கப் படிவம் 7, திருத்தத்துக்கும் முகவரி மாற்றத்துக்கும் படிவம் 8. 18 வயதைக் கணக்கிடும் தகுதித் தேதி இப்போது ஆண்டுக்கு நான்கு: ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் நாள். கல்லூரி வாசலில் இதைச் சொன்னாலே குழுவுக்குப் புது ஆள் கிடைக்கும்.

இடறுவது பெரும்பாலும் படிவம் 7இல். ஆர்வக் கோளாறில் ஒருவரே கட்டுக்கட்டாகப் போடுவார். ஆள் உயிரோடு இருந்து, படிவத்தில் எழுதியது தெரிந்தே எழுதிய பொய் என்று ஆனால், 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 31ஆவது பிரிவில் ஓராண்டு வரை சிறை உண்டு. எனவே நீக்கல் விஷயத்தில் குழு படிவம் போடாமல், பிஎல்ஓ எனப்படும் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் எழுத்தில் தெரிவித்து ஒப்புகை வாங்கிக்கொள்வதே சரி. சேர்க்கைக்கு மட்டும் வீட்டாரோடு உட்கார்ந்து படிவம் நிரப்புங்கள். பெயர், வயது, வீட்டு எண் அடங்கிய பட்டியலை எக்செலாக்கிக் குழுவில் பகிர்வது கூடவே கூடாது. அது மாலைக்குள் ஏதாவது ஒரு கட்சியின் பூத் கமிட்டிக்குப் போய்விடும்.

இரண்டாவது வேலை வேட்பாளரின் படிவம் 26, அதாவது பிரமாணப் பத்திரம். மனுத் தாக்கல் தொடங்கியதும் ஆணையத்தின் தளத்தில் ஏறிவிடும். பரிசீலனை கடைசி மனு நாளுக்கு மறுநாள், வாபஸ் அதற்கு இரண்டு நாள் கழித்து. காலிக் கட்டங்களைத் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் சுட்டிக்காட்டப் பரிசீலனைக்கு முந்தைய நாள்தான் நல்ல நேரம். ஐந்து ஆண்டு வருமானம், துணைவர் மற்றும் சார்ந்தோர் சொத்து, அரசுக்குப் பாக்கி, வழக்கு விவரம் ஆகிய நான்கையும் அவரே முந்தைய தேர்தலில் கொடுத்ததோடு ஒப்பிடுங்கள். பகிரும் அட்டையில் பக்க எண் கட்டாயம். 'கிரிமினல்' என்று எழுதாதீர்கள். நிலுவை வழக்கும் தண்டனையும் படிவத்திலேயே தனித்தனிக் கட்டங்கள். அதைக் குழப்பினால் அவதூறு வழக்கு உங்கள் அட்மின் மேல் வரும்.

குழுவைக் கட்டும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். அறிவிப்புக்கு ஒரு குழு, அதில் அட்மின் மட்டும் பேசுவார். பாக வேலைக்குப் பத்துப் பத்துப் பேராகச் சிறு குழுக்கள். வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர் வரை சேர்க்கலாம் என்பதற்காகச் சேர்க்க வேண்டியதில்லை. கட்சிக்காரர் உறுப்பினராகலாம், அட்மின் ஆகக் கூடாது. அட்மின்கள் மூவர், மூவரும் வேறு வேறு பக்கம் ஓட்டுப் போடக்கூடியவர்களாக இருந்தால் நல்லது. அப்படி மூவரைக் கண்டுபிடிப்பதுதான் உண்மையில் கடினமான வேலை.

ஆவணம் இல்லாத பதிவுக்கு இடம் இல்லை என்ற விதி முதல் நாளே இருக்கட்டும். நோட்டா முதலிடம் வந்தால் மறுதேர்தல் என்ற ஃபார்வர்ட் ஒவ்வொரு தேர்தலிலும் வரும். சட்டமன்ற, மக்களவைத் தேர்தலில் அப்படி விதி இல்லை, நோட்டாவுக்கு அடுத்து அதிக ஓட்டு வாங்கிய வேட்பாளரே வெற்றி பெற்றவர். 49பி (49P) டெண்டர் ஓட்டு 14 சதவீதம் தாண்டினால் மறு வாக்குப்பதிவு என்பதும் அப்படித்தான். 49பி என்ற விதி உண்மை: உங்கள் ஓட்டை வேறொருவர் போட்டுவிட்டால், உங்களுக்குக் காகித வாக்குச்சீட்டு தருவார்கள், அது தனி உறையில் போகும். அந்த 14 சதவீதம் விதிப் புத்தகத்தில் எங்குமே இல்லை. இதுபோன்ற திருத்தங்களை நான்கு வரியில் முன்கூட்டியே எழுதி வைத்திருங்கள். வதந்தி வந்தபிறகு எழுத உட்கார்ந்தால் அது பத்துக் குழு தாண்டியிருக்கும்.

பணப் பட்டுவாடா தமிழ்நாட்டுக் குழுக்களின் நிரந்தரத் தலைப்பு. 2009 திருமங்கலம் இடைத்தேர்தல் 'ஃபார்முலா' என்ற சொல்லையே தந்தது, 2017இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும் 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தலும் பணத்தால் ரத்தாயின. உறுப்பினர் வீடியோவைக் குழுவில் போட்டுவிட்டு யாராவது புகார் செய்வார்கள் என்று காத்திருப்பது வீண். ஆணையத்தின் சிவிஜில் செயலி அந்த இடத்திலேயே எடுத்த படத்தைத்தான் ஏற்கும். கேலரியிலிருந்தோ ஃபார்வர்டிலிருந்தோ ஏற்ற முடியாது. புகார் மீது நடவடிக்கை எடுப்பதற்கான 100 நிமிடக் கெடுவும் இடக் குறியும் அதனால்தான் சாத்தியமாகின்றன. 'நானும் வாங்கினேன்' என்று சிரிப்பு எமோஜியோடு எழுதும் உறுப்பினரைத் தனியாக எச்சரியுங்கள், வாங்குவதும் குற்றமே.

குழுவின் சொந்தச் செலவு பெரிதில்லை. தகவல் உரிமை மனுவுக்கு 10 ரூபாய், பதில் வரக் கெடு 30 நாள். ஆனால் சிங்கப்பூரிலும் கனடாவிலும் இருந்து உதவ விரும்பும் தமிழர்களிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர் தரும் பணம் வெளிநாட்டு நிதி, வெளிநாட்டு நிதி பெறுவதற்கான பதிவு இல்லாத குழு அதைத் தொடக் கூடாது. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது அந்தக் கணக்கில் வராது. தேர்தல் நேரத்தில் துண்டறிக்கை அடித்தால் அச்சகத்தின் பெயரும் வெளியிடுவோர் பெயரும் முகவரியோடு இருக்க வேண்டும். இல்லையென்றால் 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு பாயும்.

முடிவு அறிவித்த பிறகுதான் பெரும்பாலான குழுக்கள் தூங்கப் போகின்றன, அங்கேதான் நல்ல வேலை கிடக்கிறது. வேட்பாளர் 30 நாளுக்குள் செலவுக் கணக்கை மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் உச்சவரம்பு சட்டமன்றத்துக்கு 40 லட்சம், மக்களவைக்கு 95 லட்சம். கட்சியின் செலவுக்கு வரம்பே இல்லை என்பது தனிக் கோரிக்கைக்கு உரிய ஓட்டை. வேட்பாளர் கொடுத்த கணக்கை ஒரு ரூபாய் கட்டணத்தில் யாரும் பார்வையிட 1961 விதிகளின் 88ஆவது விதி இடம் தருகிறது. நாற்காலி, பந்தல், வேன், சாப்பாடு ஒவ்வொன்றுக்கும் மாவட்ட நிர்வாகம் விலைப் பட்டியல் வைத்திருக்கும். பிரச்சார நாட்களில் உறுப்பினர்கள் தேதியோடு எடுத்த படங்களில் உள்ள வண்டிகளை எண்ணி அந்த விலையால் பெருக்கிப் பாருங்கள். உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போட முடிவு நாளிலிருந்து 45 நாள்தான் உண்டு. அதைப் போடத் தொகுதி வாக்காளரோ வேட்பாளரோ வேண்டும். கணக்கு முப்பதாம் நாள் வந்தால் கையில் மிச்சம் 15 நாள். பார்வையிடப் போகும் இருவரையும் படம் சேர்ப்பவரையும் வாக்கு எண்ணிக்கைக்கு முன்பே பெயர் சொல்லி நியமித்துவிடுங்கள்.