வாசல்ல வந்து "உங்க பேரு லிஸ்ட்ல இல்லையே"ன்னு சொன்னா என்ன பண்றது?

2024 ஏப்ரல்ல, மக்களவைத் தேர்தலுக்கு முன்னாடி வீடு வீடா போன தன்னார்வலர்கள்ல நானும் ஒருத்தன். ஒரு வீட்ல வயசான அம்மா எங்கள பாத்ததும் உள்ள போய் ஓட்டர் ஐடிய எடுத்துட்டு வந்து, "வீடு மாறுனதும் போன வருஷம் வந்த பசங்ககிட்ட எல்லாம் எழுதிக் குடுத்துட்டேன் தம்பி, முடிஞ்சிடுச்சுன்னு சொல்லிட்டாங்க"ன்னாங்க. லிஸ்ட்ட மூணு தடவ புரட்டினேன், பேரு இல்ல. போன்ல பழைய வீட்டு பாகத்தையும் (ஒரு பூத்துக்கான பட்டியலத்தான் பாகம்னு சொல்லுவாங்க) தேடிப் பாத்தோம், அங்கயும் நீக்கியாச்சு. ஓட்டுப்பதிவு ஏப்ரல் 19. பேரு சேக்கறது மார்ச் 27ஓடவே முடிஞ்சு போச்சு. அட்டைய கையில பிடிச்சுட்டு நின்ன அவங்ககிட்ட சொல்ல எங்கிட்ட எதுவுமே இல்ல. அந்த ரெண்டு வாரத்துல அதே மாதிரி எத்தன வாசல்ல நின்னேன்னு எனக்கே கணக்கு இல்ல, அதனாலதான் இத எழுதறேன்.

மொதல்ல ஒண்ணு. ஓட்டு அட்டைக்கு இல்ல, பட்டியல்ல இருக்கற பேருக்குத்தான். அட்டை இருந்து பேரு இல்லைன்னா ஓட்டு போட முடியாது, அட்டை தொலைஞ்சு போயி பேரு இருந்தா வேற ஐடி காட்டி போடலாம். சட்டத்த பத்தி இவ்ளோ தெரிஞ்சா போதும்.

அடுத்தது தேதி. நிறைய பேரு ஏமாந்து போறது இங்கதான். வேட்புமனு தாக்கல் முடியற கடைசி நாளுக்கு அப்புறம் பட்டியல்ல ஒரு பேரையும் சேக்க முடியாது, நீக்கவும் முடியாது. அந்த நாள் வரைக்கும் குடுக்கலாமேன்னு நெனச்சீங்கன்னா அதுவும் தப்பு, ஏன்னா மனு வந்ததும் யாராவது ஆட்சேபம் சொல்றாங்களான்னு 7 நாள் வெச்சிருந்து, அப்புறம் விசாரிச்சுத்தான் சேப்பாங்க, அதனால குறைஞ்சது 10 நாள் முன்னாடியே உங்க மனு உள்ள போயிருக்கணும். 2024ல என்ன நடந்துச்சுன்னு பாருங்க: தேர்தல் தேதிய அறிவிச்சது மார்ச் 16, தமிழ்நாட்டுல வேட்புமனு முடிஞ்சது மார்ச் 27. நியூஸ்ல தேர்தல் தேதிய பாத்துட்டு அப்புறம் மனு எழுதலாம்னு இருந்தவங்களுக்கு கெடச்சது ஒரு நாள். ஓட்டு கேட்டு ஆளுங்க வாசலுக்கு வர ஆரம்பிக்கறது அதுக்கெல்லாம் அப்புறம்தான். அவங்க வந்து சொல்லித்தான் தெரியும்னா ஏற்கனவே லேட்.

ஆனா யாரோ சொன்ன உடனே பதறவும் வேண்டாம். தன்னார்வலர் கையில இருக்கறது பழைய லிஸ்ட்டா இருக்கலாம், பின்னாடி சேத்த, நீக்கின பேருங்க வர்ற துணைப்பட்டியல் இல்லாத காப்பியா இருக்கலாம், உங்க தெருவே பக்கத்து பாகத்துக்கு மாறியிருக்கலாம். ஒவ்வொரு திருத்தத்துலயும் பாகம் எண்ணும் வரிசை எண்ணும் மாறலாம், போன தேர்தல்ல இருந்த நம்பர வெச்சு தேடாதீங்க. தேர்தல் ஆணையத்தோட ECINET ஆப்ல (முன்னாடி வோட்டர் ஹெல்ப்லைன் ஆப்) அட்டை நம்பர போட்டு தேடுங்க, இல்ல 1950க்கு போன் பண்ணுங்க. பேரப் போட்டு தேடுனா இனிஷியலும் ஸ்பெல்லிங்கும் மாறியிருந்து வராமப் போகும், அத நம்பி இல்லைன்னு முடிவு பண்ணிடாதீங்க. சந்தேகமா இருந்தா உங்க பாகத்தோட முழு பட்டியலயும் டவுன்லோடு பண்ணி உங்க தெருவ வரிவரியா படிங்க. அர மணி நேர வேலதான், அதோட வீட்ல இருக்கற எல்லார் பேரையும் ஒரே தடவையில பாத்துடலாம்.

நெஜமாவே பேரு இல்லையா? அப்போ எந்த ஃபார்ம்ங்கறதுதான் அடுத்த குழி. வீடு மாறியிருக்கீங்க, பழைய எடத்துல பேரு இன்னும் இருக்குன்னா ஃபார்ம் 8. பேரு எங்கயுமே இல்ல, இல்ல 18 முடிஞ்சு புதுசா சேரறீங்கன்னா ஃபார்ம் 6. வாசலுக்கு வர்றவங்க நெறைய பேரு எல்லாருக்கும் ஃபார்ம் 6தான் எழுதறாங்க, ஏன்னா அவங்ககிட்ட கட்டா இருக்கறது அதுதான். அதுல என் பேரு வேற எந்தத் தொகுதியிலயும் இல்லைன்னு உறுதிமொழி ஒண்ணு இருக்கு, தெரிஞ்சே பொய்யா கையெழுத்து போட்டா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல அபராதம், இல்ல ரெண்டும். அவ்ளோ தூரம் போகலைன்னாலும் ரெண்டு எடத்துல பேரு இருந்தா பின்னாடி எத நீக்குவாங்கன்னு உங்களுக்குத் தெரியாது.

யார்கிட்ட குடுக்கறது? வாசல்ல வர்ற தன்னார்வலர் அதிகாரி இல்ல. கட்சி சார்புல நியமிச்ச வாக்குச்சாவடி நிலை முகவர் மட்டும் மொத்தமா படிவம் குடுக்கலாம், அதுவும் வழக்கமா ஒரு நாளைக்கு 10க்கு மேல வாங்க மாட்டாங்க. உங்க ஃபார்ம் 200 பேரோட கட்டுல கெடந்தா அது எங்க தேங்குதுன்னு யாருக்குத் தெரியும்? அதனால ஆன்லைன்லயே போடுங்க, முடியலைன்னா உங்க பூத்துக்கான பி.எல்.ஓ.கிட்ட (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) நேர்ல குடுங்க. நேர்ல குடுத்தா ஃபார்ம் கடைசியில இருக்கற ஒப்புகைச் சீட்ட கிழிச்சு கையெழுத்தோட வாங்காம நகராதீங்க, ஆன்லைன்னா ரெஃபரன்ஸ் நம்பர எழுதி வெச்சுக்கோங்க. "குடுத்துட்டேன்"னு நீங்க வாயால சொல்றது எந்த ஆபீஸ்லயும் செல்லாது, அந்த அம்மாவுக்கு நடந்தது அதுதான்.

அலையவிடறது இங்க ஆரம்பிக்கும். பி.எல்.ஓ. தாலுகாவுக்கு போங்கம்பாங்க, தாலுகாவுல பி.எல்.ஓ.வ பாருங்கம்பாங்க, மூணாவதா ஒருத்தர் ஆன்லைன்ல மட்டும்தான்னு சொல்லி அனுப்பிடுவாரு. ஆன்லைன்ல மட்டும்னு விதியே கிடையாது, கையால எழுதுன ஃபார்மையும் வாக்காளர் பதிவு அலுவலர் ஆபீஸ்ல வாங்கியே ஆகணும். வாடகை வீட்ல இருக்கறவங்கள ஓனர்கிட்ட லெட்டர் வாங்கிட்டு வாங்கன்னு திருப்பி அனுப்பறத நானே பக்கத்துல நின்னு பாத்திருக்கேன். அப்படி ஒரு லெட்டர் தேவையே இல்ல. அந்த முகவரி இருக்கற ஆதார், பேங்க் பாஸ்புக், கேஸ் பில், கரண்ட் பில்னு எதாவது ஒண்ணு போதும், பில் மட்டும் குறைஞ்சது ஒரு வருஷமா அந்த முகவரிக்கு வந்துட்டு இருக்கணும். வாடகை ஒப்பந்தம் குடுக்கறதா இருந்தா அது பதிவு பண்ணதா இருக்கணும், வெறும் ஸ்டாம்ப் பேப்பர்னா தள்ளிடுவாங்க. எதுவுமே இல்லைன்னா பி.எல்.ஓ. நேர்ல வந்து விசாரிக்கணும். வீடே இல்லாம ரோட்டோரம் படுக்கறவங்களுக்குக்கூட ஆவணம் கேக்கக் கூடாது, ராத்திரில வந்து அங்கதான் தூங்கறாங்களான்னு பாத்து சேக்கணும்னுதான் ஆணையத்தோட உத்தரவே இருக்கு.

மனு போட்டதோட விட்டுடாதீங்க, வாரம் ஒரு தடவ ஸ்டேட்டஸ் பாருங்க. பி.எல்.ஓ. நியமிச்சாச்சுங்கறதுலயே நின்னுட்டு இருந்தா அந்த பி.எல்.ஓ. நம்பர ஆப்லயே எடுத்து நீங்களே கூப்பிடுங்க. பகல்ல வீடு பூட்டியிருக்கும்னா எப்ப இருப்பீங்கன்னு முன்னாடியே சொல்லுங்க. வேலைக்கு போறவங்க மனு "ஆள் இல்லை"ன்னு நிராகரிக்கப்படறது ரொம்ப சாதாரணமா நடக்குது.

இருந்த பேர நீக்கிட்டாங்கன்னா காரணம் கேளுங்க, எழுத்துல. உங்க பேர நீக்கச் சொல்லி யாரோ ஃபார்ம் 7 குடுத்ததால நீக்கியிருந்தா உங்களுக்கு நோட்டீஸ் குடுத்து, நீங்க சொல்றதையும் கேட்டிருக்கணும். கேக்காம நீக்கியிருந்தா 15 நாளுக்குள்ள கலெக்டர்கிட்ட மேல்முறையீடு பண்ணலாம். 2025 நவம்பர்ல தமிழ்நாட்டுல ஆரம்பிச்ச வாக்காளர் பட்டியல் தீவிர திருத்தத்துல (எஸ்.ஐ.ஆர்.), வீட்டுக்கு வந்த கணக்கெடுப்பு படிவத்த திருப்பித் தராதவங்க பேரு வரைவுப் பட்டியல்லயே வரல. அப்படி விட்டுப் போனவங்க அடுத்த மக்களவைத் தேர்தல் வரட்டும்னு காத்திருக்காம இப்பவே ஃபார்ம் 6 போட்டுடுங்க.

வயசானவங்க இருக்கற வீட்ல "பாட்டிக்கு வீட்லயே ஓட்டு போட ஏற்பாடு பண்றோம்"னு வர்றவங்க சொல்லுவாங்க. அது அவங்க கையில இல்ல. 85 வயசு ஆனவங்க, 40 சதவீதமோ அதுக்கு மேலயோ ஊனம்னு சான்றிதழ் வெச்சிருக்கறவங்க ஃபார்ம் 12டி குடுக்கணும், தேர்தல் அறிவிக்கை வந்த 5 நாளுக்குள்ள, பி.எல்.ஓ.கிட்ட. இந்த 5 நாள நழுவவிட்டா அவ்ளோதான், பூத்துக்குத்தான் போகணும். ஏத்துக்கிட்டாங்கன்னா அப்புறம் மனசு மாறி பூத்துக்கு போனா அங்க ஓட்டு போட விட மாட்டாங்க. குழு வர்ற அன்னிக்கு வீட்ல இல்லைன்னா இன்னொரு தடவ வருவாங்க, மூணாவது தடவ கிடையாது. ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட்ட அந்த ரெண்டு நாளும் வெச்சுக்காதீங்க.

வாசல்ல எதக் குடுக்கக் கூடாதுங்கறதும் முக்கியம். ஆதார் நகல், ஓடிபி, பேங்க் விவரம் எதுவும் வேண்டாம். பட்டியல்ல இருக்க ஆதார் கட்டாயம் இல்ல, ஆதார் குடுக்கலங்கற காரணத்துக்காக பேர நீக்க முடியாதுன்னு சட்டமே சொல்லுது. "ஜெயிச்சதும் இந்தத் திட்டத்துல பணம் வரும், இப்பவே பதிவு பண்ணிக்கோங்க"ன்னு சர்வே மாதிரி விவரம் எடுக்கறத நிறுத்தச் சொல்லி 2024 மே 2ஆம் தேதியே ஆணையம் எல்லா கட்சிக்கும் சொல்லியிருக்கு. அந்த டோக்கனுக்கு எந்த மதிப்பும் இல்ல, உங்க போன் நம்பர் மட்டும் போகும். ஓட்டுக்கு பணம் வாங்கறதும் குடுக்கறதும் ரெண்டுமே குத்தம். தேர்தல் விதிமீறல் புகாருக்குன்னு ஆணையம் வெச்சிருக்கற சி-விஜில்ல போட்டோவோட புகார் போட்டா 100 நிமிஷத்துக்குள்ள நடவடிக்கைங்கறது கணக்கு, அத அந்த எடத்துலயே எடுத்து அனுப்பணும், பழைய போட்டோ ஏறாது.

ஓட்டு நாள் அன்னிக்கு பூத் சிலிப் ஐடி ஆகாது, 2019ல இருந்தே. நம்ம ஊர்ல எல்லாத்துக்கும் ரேஷன் கார்டுதான், ஆனா 2024ல ஆணையம் ஏத்துக்கிட்ட மாத்து ஆவணங்கள்ல அது இல்ல. ஸ்மார்ட் கார்ட மட்டும் எடுத்துட்டு வரிசையில நின்னு திரும்பிப் போனவங்க இருக்காங்க. ஆதார், பான், லைசென்ஸ், பாஸ்போர்ட், போட்டோ ஒட்டின பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை, இதுல ஒண்ணு இருக்கட்டும்.

பி.எல்.ஓ. சிலிப் குடுக்க வந்தப்ப வீடு பூட்டியிருந்தா "இல்லாதவர், இடம் மாறியவர், இறந்தவர்" லிஸ்ட்ல உங்க பேர எழுதியிருப்பாங்க. பூத்ல அந்த லிஸ்ட்ட காட்டி முடியாதும்பாங்க, நகராதீங்க. அது நீக்கினதுக்கு சமம் இல்ல, தலைமை அலுவலர் உங்க ஐடிய நேர்ல சரிபாத்து கையெழுத்தோட கைரேகையும் வாங்கிட்டு ஓட்டு போட விடணும். உங்க பேர்ல வேற யாரோ ஏற்கனவே போட்டுட்டாங்கன்னா 49P விதிப்படி டெண்டர் ஓட்டு வேணும்னு தலைமை அலுவலர்கிட்ட கேளுங்க. மெஷின்ல இல்ல, வாக்குச்சீட்டுல குத்தி தனி கவர்ல போடுவாங்க. அங்க இருக்கற ஊழியர் அப்படி ஒண்ணு இல்லைன்னு சொன்னா 17B படிவத்த எடுக்கச் சொல்லுங்க, ஒவ்வொரு பூத்துக்கும் அத குடுத்துத்தான் அனுப்பியிருப்பாங்க.