பஃபர்: இடையகமா, தாங்கலா?

நிரலாக்கப் பாடம் ஒன்றின் தமிழாக்கத்தில் ‘பஃபரைக் கழுவுக’ என்னும் தொடரை மீண்டும் காண நேர்ந்தது. பஃபர் என்பது நிரல் வெளியிடும் எழுத்துகள் வெளியே செல்லுமுன் சற்றே தங்கும் நினைவகப் பகுதி. மூலத்தில் ஃபிளஷ் என்னும் ஆங்கிலச் சொல்லைக் கண்டவுடன் கழிப்பறையை நினைத்துக்கொண்ட மொழிபெயர்ப்பாளர், அக்கட்டளையால் எழுத்துகள் அழிவதில்லை, திரைக்கோ கோப்புக்கோ சென்று சேர்கின்றன என்பதை எண்ணிப் பார்க்கவில்லை.

பஃபர் என்பது அடி, மோதல் என்னும் பொருளுடைய பழஞ்சொல்லிலிருந்து கிளைத்து, இரயில் பெட்டிகளின் மோதல் தாங்கும் உறுப்புக்குப் பெயராகிப் பின்னர் கணினிக்கு வந்த சொல். அதற்கு வழங்கும் ‘இடையகம்’ என்பதில் எனக்கு உடன்பாடில்லை. அது பொருள் இருக்கும் இடத்தைச் சொல்கிறதே அன்றி அதன் வேலையைச் சொல்லவில்லை. இடைமுகம், இடைநிலை, இடைமாற்றம் என்று ஏற்கெனவே நெரியும் கூட்டத்தில் மாணவர் எதை எதிலிருந்து பிரித்தறிவார்? மாறாக, தொண்டை மண்டலத்தில் நீரைத் தேக்கிவைத்து வேண்டும்போது விடுக்கும் சிற்றேரிக்குத் ‘தாங்கல்’ என்று பெயர். பழவந்தாங்கல் என்னும் ஊர்ப்பெயரில் அச்சொல் இன்றும் நிற்கிறது. பஃபர் செய்வதும் அதுவே. அப்படியானால் ஃபிளஷ் என்பது கழுவலன்று, ‘திறந்துவிடல்’.

இச்சொற்களைக் கொண்டு உறவுடைய நிரல்மொழிகளின் வெளியீட்டு வேறுபாட்டைத் தடையின்றி விளக்க முடிகிறது. சி மொழியின் இயல்பு வெளியீடு, அதாவது நிரல் தன் விடையை வழக்கமாக எழுதும் வழி, திரைக்குச் செல்லும்போது பொதுவாக வரிக்கு ஒருமுறை திறந்துவிடப்படுகிறது. கோப்புக்குத் திருப்பிவிட்டாலோ தாங்கல் நிரம்பும்வரை காத்திருக்கிறது. அதனால்தான் நிரல் இடையில் முறிந்தால் கடைசி வரிகள் காணாமற்போகின்றன. பிழை வெளியீட்டுக்குத் தாங்கலே இல்லை, நேர்வாய்க்கால்தான். சி பிளஸ் பிளஸ்ஸில் ‘எண்ட்எல்’ வரியை முடிப்பதோடு திறந்தும் விடுகிறது, வெறும் வரிமுறிவுக் குறி அந்த இரண்டாம் வேலையைச் செய்வதில்லை. இரண்டும் ஒன்றெனக் கருதிச் சுழற்சிக்குள் எண்ட்எல் எழுதுவோரின் நிரல் மெதுவாக ஓடுவது இதனால்தான். ரஸ்ட் மொழியின் இயல்பு வெளியீடு கோப்புக்குச் சென்றாலும் வரிக்கு வரி திறக்கிறது. கோ மொழியின் ‘பிரின்ட்எல்என்’ தாங்கல் எதுவுமின்றி நேரே எழுதிவிடுகிறது; தாங்கல் வேண்டுமெனில் நாமே கட்டிக்கொள்ள வேண்டும். ‘இடையகத்தைக் கழுவுக’ என்று எழுதியவரால் இவற்றில் ஒன்றையேனும் விளக்க இயலுமா?

தாங்கல் என்றால் மனத்தாங்கல்தான் நினைவுக்கு வரும் என்று நண்பர் ஒருவர் நகைத்தார். பஃபர் சொல்யூஷனைத் ‘தாங்கல் கரைசல்’ என்று வேதியியலார் எழுதுவதைப் படித்து எவரும் மனம் வருந்தியதாகத் தெரியவில்லை.