காபெட்டுக்கு அடியில் தங்கும் வெள்ளம்

2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தபோதும், 2025 நவம்பரில் டித்வா புயலின்போதும் வன்னியில் எத்தனையோ வளவுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. சீற் வரை ஏறாமல் தரை மட்டும் நனைந்த கார் என்றால், நான்கு கதவையும் திறந்து இரண்டு நாள் வெயிலில் விட்டுவிட்டு, காபெட்டைத் தடவிப் பார்த்து "காய்ஞ்சிட்டுது" என்று எடுத்து ஓடுகிறார்கள். அது காயவில்லை.

காபெட்டின் அடியில் விரல் தடிப்பில் ஒரு பஞ்சுப் படை இருக்கிறது. ஈரம் முழுவதும் அதற்குள்தான். மேலே காபெட், கீழே தகரம். தண்ணீர் போக வழியில்லை. ஓரிரு நாளில் பூஞ்சணம் தொடங்கிவிடும். பல கார்களில் கதவடி ஓரமாக வயர்க் கட்டுகளும் இந்தப் படையை ஒட்டியே போகின்றன. அவற்றின் இணைப்புகள் பச்சை பூத்து, மாதங்கள் கழித்து கதவுப் பூட்டு வேலைசெய்யாது, டாஷ்போட்டில் காரணமில்லாமல் லைற் எரியும். அப்போது யாருக்கும் வெள்ளம் நினைவுக்கு வராது.

வேலையைத் தொடங்கும் முன், தண்ணீர் ஏறிய மட்டம் தெரியும்படி படம் எடுத்து காப்புறுதிக்கு அறிவியுங்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதியில் இந்த நட்டம் வராது. முழுக் காப்புறுதியிலும் வெள்ளம் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கையுறையும் சப்பாத்தும் அவசியம், எலிக்காய்ச்சல் வெள்ளத்தோடு வருவது. சீற்றுக்கு அடியில் கை விடமுன் ரோச் அடித்துப் பாருங்கள். பாம்பும் மேடு தேடித்தான் ஏறும்.

திறப்பைத் திருகிப் பார்க்கவே வேண்டாம். 10 மி.மீ. ஸ்பானரால் பற்றரியின் மைனஸ் முனையை முதலில் கழற்றுங்கள். சுசுக்கி வாகன்ஆர் ஹைபிரிட்டில் லிதியம் பற்றரி முன் பயணி சீற்றுக்கு அடியிலும், ரொயோற்றா அக்வாவில் ஹைபிரிட் பற்றரி பின் சீற்றுக்கு அடியிலும் இருக்கிறது. தண்ணீர் அதை எட்டியிருந்தால் அங்கேயே நிறுத்தி, ஹைபிரிட் வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். செம்மஞ்சள் வயர் எதிலும் கை வைக்கக் கூடாது.

பற்றரி கழற்றி பத்து நிமிடம் போனபின் முன் சீற்றுகளைக் கழற்றலாம். ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலும் நான்கு போல்ட், ஜப்பான் கார்களில் அனேகமாக 14 மி.மீ. அடியிலுள்ள மஞ்சள் இணைப்பு எயார்பாக்குக்கு உரியது. பூட்டை அமத்தித்தான் எடுக்க வேண்டும், வயரில் இழுக்கக் கூடாது. பின் சீற்றின் இருக்கைப் பகுதி பல கார்களில் கிளிப்பில்தான் நிற்கும். கதவடிப் பிளாஸ்ரிக்கும் அப்படித்தான். நடுக் கொன்சோலையும் கழற்றினால் காபெட் முழுதாக வெளியே வரும். முடியாவிட்டால் இரு பக்கமும் தூக்கி, மரத்துண்டு வைத்து முட்டுக் கொடுங்கள். தரையிலுள்ள ரப்பர் மூடிகளையும் ஸ்பெயார் சில்லுக் குழியின் மூடியையும் கழற்றி, நிற்கும் தண்ணீரை இறக்கிவிடுங்கள்.

இனிக் காயப்போடத்தான் எல்லாருக்கும் அவசரம். முதலில் கழுவ வேண்டும். வெள்ளத்தோடு வந்த செம்மண்ணும் மலக்குழிக் கழிவும் பஞ்சில் காய்ந்தால் வாடை போகவே போகாது. கடல்நீரேரியை அண்டிய வட்டுவாகல், நந்திக்கடல் பக்கமென்றால் உப்பும் கலந்திருக்கலாம். உப்பு இருக்கும்வரை அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். தரைத் தகரம் கறள் பிடிக்கும். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசி, மெல்லிய சோப்பு நீர் போட்டு, ஈரம் உறிஞ்சும் வக்கியூமால் இழுங்கள். கிணற்றுக்குப் போடும் பிளீச்சிங் பவுடரை காருக்குள் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது காபெட்டை வெளிறவைக்கும், தகரத்தை அரிக்கும். வினாகிரியோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும்.

காபெட்டை நெல்லுப் போலப் புரட்டிப் புரட்டிக் காயவைக்க வேண்டும், பஞ்சுப் பக்கம் மேலே. மாரியில் காற்றே ஈரம் என்பதால் கதவைத் திறந்து வைப்பதில் பெரிய பயனில்லை. வெயில் இல்லாத நாளில் மின்விசிறியைக் காபெட்டுக்கு அடியால் ஊதும்படி வையுங்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் போகவில்லை என்று மெக்கானிக் உறுதிசெய்து, பற்றரியும் இணைப்புகளும் திரும்பப் பூட்டியபின், திறந்த வெளியில் ஏசியைப் போட்டு, வெப்பத்தைக் கூட்டி, கண்ணாடிகளை மூடி உள்காற்றே சுழலவிடுங்கள். ஏசி அந்த ஈரத்தைப் பிழிந்து வண்டிக்கு அடியில் சொட்டவிடும். ஏசிக் காற்றை வடிகட்டும் கேபின் பில்ரரை மாற்றிவிடுங்கள். சீற்றின் ஸ்பொஞ்சும் நனைந்திருந்தால் அது எல்லாவற்றிலும் தாமதமாகக் காயும், நாட்கணக்கில் எடுக்கலாம்.

காய்ந்ததா என்று கையால் அறிய முடியாது. பஞ்சின் மேல் ஒரு பொலித்தீன் துண்டை நான்கு பக்கமும் ரேப் ஒட்டி இரவு விடுங்கள். காலையில் அடிப்பக்கம் நீர் பூத்திருந்தால் இன்னும் ஈரம்தான்.

வெள்ளமே வராமல் முன் பயணிப் பக்கம் மட்டும் நனைந்தால் ஏசியின் வடிகுழாய் அடைத்திருக்கலாம். வேம்புக்குக் கீழே நிற்கும் கார் என்றால், வைப்பருக்கு அடியிலுள்ள வடிகாலில் இலை நிறைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அதைச் சரிசெய்யாமல் காயவைப்பது வீண் வேலை.

நடுக் கொன்சோலுக்கு அடியிலுள்ள எயார்பாக் கட்டுப்பாட்டுப் பெட்டி தண்ணீரில் மூழ்கியிருந்தால் மட்டும் காயவைத்துப் பூட்டாதீர்கள், மாற்றுங்கள். எல்லாம் பூட்டி முடிந்து திறப்பைப் போட்டதும் எயார்பாக் லைற் சில வினாடி எரிந்து அணைய வேண்டும். அணையாவிட்டால் ஸ்கான் பண்ணும் வரை காரை ஓட வேண்டாம்.