மாம்பாலும் தேனீப் பிசினும்

மரத்தில் கசிவதெல்லாம் தமிழில் ‘பிசின்’தான். ஆனால் கருவேலம் பிசின் தண்ணீரில் ஊறிக் கரையும். குங்கிலியம் எத்தனை நாள் ஊறினாலும் கரையாது. தேனீ தேடிப் போவது குங்கிலியத்தின் இனத்தை. மொட்டிலும் பட்டை வெடிப்பிலும் கசிவதைத் தாடையால் கிள்ளிப் பின்னங்காலில் ஒட்டிக்கொண்டு வரும். அதைத் தானாக இறக்க முடியாது. கூட்டில் இருக்கும் மற்ற தேனீக்கள் கடித்து இழுத்தெடுக்க வேண்டும். மெழுகோடு பிசைந்து விரிசல்களில் பூசினால் அதுவே புரோபோலிஸ். ஏறக்குறையப் பாதி பிசின், 30 சதவீதம் மெழுகு, மீதி வாசனை எண்ணெயும் மகரந்தமும்.

புரோபோலிஸ் பூஞ்சையை அடக்கும். அதற்கான சரக்கு பெரும்பாலும் மரம் கொடுத்தது. ஐரோப்பாவில் பாப்லர் மர மொட்டிலிருந்து பினோசெம்ப்ரின், கலாஞ்சின் என்னும் வேதிப்பொருள்கள். பிரேசிலின் பச்சைப் புரோபோலிஸில் பாக்காரிஸ் செடியின் ஆர்ட்டெபிலின்-சி. பாப்லர் இல்லாத வேலூரில் அங்கே கிடைத்த ஆய்வு முடிவுகளை நம் தேனீப் பெட்டிக்கு அப்படியே பொருத்துவது தவறு.

இந்தியத் தேனீ பிசின் சேர்ப்பது அபூர்வம். இத்தாலியத் தேனீ சேர்க்கும். கொட்டாத கொசுத்தேனீக்குக் கூடே பிசினும் மெழுகும்தான். தாய்லாந்து, இந்தோனேசியப் புரோபோலிஸில் மாமரத்தின் ரிசார்சினால்கள் என்னும் வேதிப்பொருள்கள் கிடைத்திருக்கின்றன. எனவே குடியாத்தம், பேரணாம்பட்டு மாந்தோப்புகளில் கூடு வைத்திருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது மாமரத்தை. காம்பு கிள்ளியதும் பீச்சியடித்துத் தோலைப் புண்ணாக்கிவிடும் மாம்பாலில் இருப்பதும் இதே குடும்பம். பச்சைக் காயின் தோலில் இது மிகுந்திருக்கும்வரை உள்ளே பதுங்கிய பூஞ்சை அடங்கிக் கிடக்கும். பழுக்கப் பழுக்க இது குறையும், கரும்புள்ளி கிளம்பும்.

இத்தகைய மூலக்கூறுகள் கொழுப்பில் கரைபவை. பூஞ்சையின் செல் சவ்வுக்குள் புகுந்து அதைக் குலைக்க, உள்ளிருப்பது வெளியே கசிகிறது. தேனீப் புழுவைச் சுண்ணாம்புக் கட்டிபோல் இறுக்கிவிடும் பூஞ்சையைக் கூட்டில் இட்டபோது பிசின் தேடிப் போகும் தேனீக்களின் எண்ணிக்கை கூடியது என்று 2012-இல் மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வு காட்டியது.

புரோபோலிஸைச் சுரண்டுவது அதிகாலையில்தான். வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டினால் புரோபோலிஸ் கையோடு ஒட்டும். 15 டிகிரிக்குக் கீழே கண்ணாடிபோல் நொறுங்கும். ஓர் இரவு ஃப்ரீசரில் வைத்து இடியுங்கள். 10 கிராம் தூளுக்கு 70 சதவீத எத்தில் ஆல்கஹால் 100 மில்லி. இருட்டில் ஒரு வாரம், தினமும் குலுக்க வேண்டும். மறுபடி ஓர் இரவு ஃப்ரீசரில் வைத்தால் மெழுகு படியும். குளிர் விடுமுன் வடிகட்டிவிடுங்கள். வெறும் தண்ணீரில் பிசின் இறங்காது. கொதிக்கவைத்தால் வாசனை எண்ணெய் பறந்துபோகும். மெத்தனால் கலந்த ஸ்பிரிட் விஷம். பெயிண்ட் அடித்த சட்டத்தில் சுரண்டினால் ஈயம் சேரலாம்.

பூஞ்சை வளர்க்கும் அகார் (கடற்பாசிக் கூழ்) தட்டில் இதைச் சோதிப்பவர்கள் அடிக்கடி ஏமாறுவார்கள். நீர் நிறைந்த அகாரில் இந்தப் பிசின் சரியாகப் பரவாது. பூஞ்சை வளராத வட்டம் சிறிதாக இருப்பதால் மருந்து வலுவற்றது என்று ஆகிவிடாது. திரவ ஊடகத்தில் படிப்படியாக நீர்த்துச் சோதியுங்கள். பக்கத்தில் வெறும் ஆல்கஹாலையும் அதே அளவில் வைத்தாக வேண்டும். பூஞ்சையைத் தடுத்தது அதுவாகவும் இருக்கலாம்.

மாம்பால் பட்டாலே கொப்பளிக்கும் உடம்புக்காரர்கள் கையுறை இல்லாமல் மாந்தோப்புக் கூட்டைத் தொட வேண்டாம்.