டேக்டைல் டைல்ஸ் – தொட்டுணர் பாவுகல்

மெட்ரோ நிலையங்களிலும் ரயில் நடைமேடைகளிலும் மஞ்சள் நிறத்தில், மேடு மேடாகப் பதித்திருக்கும் சதுரக் கற்களைக் கட்டட வேலையில் ‘டேக்டைல் டைல்ஸ்’ என்பார்கள். பார்வையற்றவர்கள் உள்ளங்காலாலும் வெள்ளைக்கோலாலும் வழியறிந்து நடப்பதற்கானவை இவை. மஞ்சள் நிறம், ஓரளவு பார்வை உள்ளவர்களுக்காக.

பிறந்த இடம் ஜப்பான். ஒகயாமாவைச் சேர்ந்த செயிச்சி மியாகே 1965-இல் உருவாக்கினார். 1967 மார்ச் 18 அன்று அவ்வூர்ப் பார்வையற்றோர் பள்ளிக்கு அருகில் முதன்முதலாகப் பதித்தார்கள். ஜப்பானியர் இதை ‘தென்ஜி புரொக்கு’ என்கிறார்கள். தென்ஜி என்றால் பிரெயில், அதாவது பார்வையற்றோர் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்து. ஆனால் இதில் எழுத்து எதுவும் இல்லை.

‘டேக்டைல்’ என்பது தொடுதலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. தொடு உணர்வுக்குத் தமிழில் ‘ஊறு’ என்ற பழஞ்சொல் உண்டு. “சுவைஒளி ஊறுஓசை நாற்றம்” என்கிறது குறள். இன்று அது தீங்கு என்றே பொருள்படும் என்பதால் இங்கே உதவாது. ஆங்கிலத்தில் இதை ‘டேக்டைல் பேவிங்’ என்றும் சொல்வார்கள். ‘பேவிங்’குக்கோ நம்மிடமே நல்ல வினை இருக்கிறது: கல் பாவுதல். ஆகவே ‘தொட்டுணர் பாவுகல்’ பொருந்தும்.

பொதுப்பெயர் மட்டும் போதாது. கற்கள் இரண்டு வகை, சொல்வதும் இரண்டு செய்தி. நீள்வரிகள் உள்ளது வழிகாட்டிக் கல்: வரியின் போக்கிலேயே நட. வட்டப் புள்ளிகள் உள்ளது எச்சரிக்கைக் கல்: நில், முன்னால் படிக்கட்டோ சாலையோ திருப்பமோ இருக்கிறது. டெண்டரில் வெறுமனே ‘டேக்டைல் டைல்ஸ்’ என்று எழுதினால், கிடைத்த புள்ளிக்கல்லையே பாதை நெடுகப் பதித்துவிடுகிறார்கள். எங்கும் எச்சரிக்கை என்றால் எங்குமே எச்சரிக்கை இல்லை. நடைமேடை விளிம்பில் இது உயிருக்கு ஆபத்து. இரண்டு பெயர்களையும் அளவுகளையும் தனித்தனியே எழுதியே ஆக வேண்டும்.

ஜப்பானியத் தரத்தில் மேட்டின் உயரம் 5 மி.மீ. அதற்குக் குறைந்தால் செருப்பு வழியே தெரியாது, கூடினால் கால் தடுக்கும், சக்கர நாற்காலி அதிரும். 300 மி.மீ. சதுரக் கல்லில் புள்ளிகள் குறைந்தது 25. புள்ளிகளை நெருக்கிவிட்டால் காலுக்குச் சொரசொரப்பான தரையாகவே படும்.

படிக்கட்டில், முதல் படியை ஒட்டிப் பதிக்காமல் 300 மி.மீ. முன்னதாகவே எச்சரிக்கைக் கல்லை முடிக்க வேண்டும். நிற்க இடம் வேண்டுமே. வழிகாட்டி வரிசையைச் சுவர், கம்பம், மரத்திலிருந்து 600 மி.மீ.யாவது தள்ளி அமைப்பது நல்லது. திரும்பும் இடத்தில் வரிக்கல்லை அறுத்து வளைக்கக் கூடாது, புள்ளிக்கல் வைத்துத்தான் திருப்ப வேண்டும். வழவழப்பான எஃகுப் பட்டைகள் மழையில் வழுக்கும். திறந்த வெளிக்குச் சொரசொரப்பான கான்கிரீட் கல்லே சரி. சாக்கடை மூடி குறுக்கிட்டால் அந்த இடத்தில் வரிசை அறுந்துவிடும். மேலே கல் பதிக்கும்படி பள்ளமாகச் செய்த மூடியை வாங்கி, வரி நேராக அமையும்படி பொருத்த வேண்டும். பழுது பார்க்கத் திறப்பவர்கள் அதைத் திசை மாற்றி வைத்துவிடாமல் இருக்க, மூடியைத் தாங்கும் சட்டத்திலும் மூடியிலும் ஒரு அடையாளம் வெட்டிவிடுங்கள்.