ஒன்ராறியோவில் குளிரில் வெளிவேலை: சட்டம் எவ்வளவு தூரம் உங்கள் பக்கம்?

சினோ (பனி) தள்ளுபவர்கள், கட்டடத் தளத்தில் நிற்பவர்கள், திறந்த கதவருகே லொறிக்குப் பெட்டி ஏற்றுபவர்கள் எல்லோரும் ஜனவரி வந்தால் கேட்பது ஒன்றைத்தான்: எத்தனை டிகிரிக்குக் கீழே போனால் வேலையை நிறுத்தலாம்? ஒன்ராறியோச் சட்டத்தில் வெளிவேலைக்கு அப்படி ஓர் எண் கிடையாது. எண் இல்லையென்றால் உரிமையும் இல்லை என்று பலர் நினைத்துக்கொண்டு விறைத்துப்போய் நிற்கிறார்கள். அது பிழை.

தொழில்சார் சுகாதார, பாதுகாப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, தொழிலாளியைக் காப்பாற்ற நியாயமான எல்லா முன்னேற்பாடுகளையும் முதலாளி செய்ய வேண்டும் என்கிறது. குளிரும் அதற்குள் அடங்கும். காசுக்கு வேலை செய்பவர்களில் பெரும்பாலானோரை இந்தச் சட்டம் காக்கும். மாணவர் விசாவா, அகதிக் கோரிக்கையா என்று பார்க்காது. ஏஜென்சி மூலம் போனவர் என்றால், ஏஜென்சியும் அது அனுப்பிய கொம்பனியும் இரண்டுமே உங்கள் பாதுகாப்புக்குப் பொறுப்பு.

'சட்டத்தில் பிரேக் இல்லை' என்று சூப்பர்வைசர் சொல்லலாம். அவர் சொல்வது வேலை நியமச் சட்டத்தை. அதில் ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் 30 நிமிடச் சாப்பாட்டு இடைவேளை கொடுக்க வேண்டும் என்பது மட்டும்தான் கட்டாயம். கோப்பி பிரேக் முதலாளி விருப்பம். உடம்பைச் சூடாக்க உள்ளே போகும் இடைவேளை வேறு. அது பாதுகாப்புச் சட்டத்தின் வழியாக வருவது, யாரும் இரங்கித் தரும் சலுகை அல்ல.

அந்த இடைவேளை எவ்வளவு என்பதற்கு ஓர் அட்டவணை உண்டு. சஸ்காச்சுவான் மாகாணத் தொழில் திணைக்களம் தயாரித்தது. ஏசிஜிஐஎச் என்ற அமெரிக்கத் தொழிற்சுகாதார அமைப்பு அதைத் தன் வழிகாட்டலில் சேர்த்திருக்கிறது. இது சட்டமல்ல, ஆனால் எது நியாயம் என்று பேசும்போது கையில் வைத்திருக்க இதைவிட நல்லது இல்லை. நான்கு மணித்தியால வேலைக்குக் கணக்கு இப்படிப் போகும்: மைனஸ் 26 முதல் 28 வரை, காற்று மணிக்கு 16 கிலோமீற்றர் என்றால், ஒரு தடவையில் 75 நிமிடத்துக்கு மேல் வெளியே நிற்கக் கூடாது. மைனஸ் 32 முதல் 34 வரை, அதே காற்றில், 40 நிமிடம். ஒவ்வொரு தடவைக்கும் பிறகு சூடான இடத்தில் 10 நிமிடம். மைனஸ் 43 ஆனால் காற்றே இல்லாவிட்டாலும் அவசர வேலை தவிர மற்றதெல்லாம் நிற்க வேண்டும். காற்றை அளக்கக் கருவி வேண்டாம்: லேசான கொடி முழுதாக விரிந்து பறந்தால் அதுதான் ஏறக்குறைய 16 கிலோமீற்றர்.

இந்தக் கணக்கு உலர்ந்த உடுப்போடு உடம்பை அசைத்து வேலை செய்பவருக்கு. வீதியில் சைகைப் பலகை பிடித்து ஒரே இடத்தில் நிற்பவருக்கு ஒரு படி கடுமையாகப் பார்க்க வேண்டும்.

ரொறன்ரோவில் மைனஸ் 26 அடிக்கடி வராது, அதனால் சூடாக்கும் இடைவேளை நமக்குத் தேவையில்லை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மைனஸ் 20இல் 30 கிலோமீற்றர் காற்று வீசினால் உடம்புக்கு அது மைனஸ் 33 மாதிரி. அந்தக் குளிரில் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறைய ஆரம்பிக்கலாம் என்று கனடாச் சுற்றாடல் திணைக்களமே எச்சரிக்கிறது. அதே ஏசிஜிஐஎச் வழிகாட்டலில் இன்னும் இரண்டு உண்டு, இரண்டையும் பலர் கேட்பதே இல்லை. மைனஸ் 1க்குக் கீழே கருவிகளின் இரும்புப் பிடிக்கு உறை போட வேண்டும். 2 டிகிரியோ அதற்குக் கீழோ இருக்கையில் உடுப்பு நனைந்தால் உடனே மாற்றுடுப்பு கொடுக்க வேண்டும்.

சரி, கேட்டும் கொடுக்கவில்லை, ஆபத்து என்று உண்மையாகவே நினைக்கிறீர்கள். அதே பாதுகாப்புச் சட்டத்தின் 43ஆம் பிரிவின்படி வேலையை மறுக்கலாம். வீட்டுக்குப் போய்விடாதீர்கள், அதை வேலையை விட்டுப் போனதாகக் காட்டிவிடுவார்கள். "இது பாதுகாப்பில்லை, நான் மறுக்கிறேன்" என்று சூப்பர்வைசரிடம் நேரே சொல்லிவிட்டு, பக்கத்தில் பாதுகாப்பான இடத்தில் நில்லுங்கள். அவர் உங்களையும் தொழிலாளர் பிரதிநிதியையும் வைத்துக்கொண்டு விசாரிக்க வேண்டும். ஐந்து பேருக்கு மேல் வேலை செய்யும் பெரும்பாலான இடங்களில் அப்படி ஒரு பிரதிநிதி இருக்க வேண்டும், 20 பேர் என்றால் ஒரு குழுவே. அப்படியும் தீராவிட்டால் தொழில் அமைச்சின் இன்ஸ்பெக்டரை அழைக்க வேண்டும். இதற்காக வேலையை விட்டு நிறுத்துவதும் மிரட்டுவதும் 50ஆம் பிரிவில் தடை. நடந்தால் ஒன்ராறியோ தொழிலுறவுச் சபையில் முறையிடலாம்.

விரல் வெளுத்து மரத்துப்போனால் தேய்க்காதீர்கள், உள்ளே போய் மெதுவாகச் சூடாக்குங்கள். ஒருவர் நடுங்குவது நின்று பேச்சுக் குழறினால் உடனே 911. குளிரில் வந்த காயமும் வேலைக்காயம்தான். டபிள்யூஎஸ்ஐபி என்ற மாகாண வேலைக்காயக் காப்புறுதி உள்ள முதலாளி ஆஸ்பத்திரிக்கு வாகனம் ஏற்பாடு செய்ய வேண்டும், காயம்பட்ட அன்றைக்கு முழுநாள் சம்பளமும் தர வேண்டும். அந்தக் காப்புறுதியில் கோரிக்கை போட உங்களுக்கு ஆறு மாதம் இருக்கிறது. ஆனால் டொக்டரிடம் அன்றைக்கே போய், வேலையில்தான் நடந்தது என்று சொல்லிப் பதிய வையுங்கள். விரலைப் போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள்.