முதல் மெட்டல் டிடெக்டர் வாங்கப் போறவங்களுக்கு

நான் மெட்டல் டிடெக்டர் சர்வீஸ் பண்றவன். கோயமுத்தூர் பக்கம் சின்னக் கடை, வருஷம் பதினாறு ஆச்சு. மில் கேட்ல நிக்கிற டோர் ஃப்ரேம், செக்யூரிட்டி கையில வெச்சிருக்கற வாண்ட், மண்ணுல தேடுற மெஷின் எல்லாமே என் மேஜைக்கு வரும். மண்ணுல தேடுற மெஷின் வேணும்னு போன் பண்றவங்க கிட்டத்தட்ட எல்லாரும் ஒரே ரெண்டு கேள்விதான் கேக்குறாங்க. "எத்தனை அடி ஆழம் எடுக்கும்ணா?" இது முதல் கேள்வி. "தங்கத்த மட்டும் தனியா காட்டுமா?" இது ரெண்டாவது. உள்ளத உள்ளபடி சொன்னா பாதிப் பேர் போன வெச்சிடுறாங்க, அப்புறம் வேற எங்கயோ லட்சக்கணக்குல குடுத்து ஏமாந்துட்டு அதே நம்பர்ல இருந்து கூப்பிடுறாங்க, அந்த குரலக் கேக்கவே கஷ்டமா இருக்கு, அதனாலதான் இத எழுதுறேன்.

முதல்ல ஆழம். தட்டு மாதிரி இருக்கற காயில் இருக்குல்ல, அதுக்குள்ள கரண்ட் ஓடும்போது ஒரு காந்தப்புலம் மண்ணுக்குள்ள இறங்குது. அங்க உலோகம் இருந்தா அதுல சின்னதா சுழல் கரண்ட் உண்டாகி, அது தன் பங்குக்கு ஒரு காந்தப்புலத்த திருப்பி அனுப்புது. அந்த மெல்லிசான பதிலத்தான் மெஷின் புடிக்குது. ஆழம் கூடக் கூட அந்த பதில் ரொம்ப வேகமா தேஞ்சு போயிடும். 10, 11 இன்ச் காயில் போட்ட நல்ல மெஷின்ல ஒரு நாணயம் 20 சென்டிமீட்டர் ஆழத்துல கேட்டுச்சுன்னா அதுவே நல்ல நாள். அண்டா மாதிரி பெரிய பொருள்னா ஒரு மீட்டர் கிட்ட போகலாம். கையில புடிக்கற மெஷின் 30 அடி, 50 அடி கீழ இருக்கற மோதிரத்த காட்டும்னு எவன் சொன்னாலும் அது பொய்ங்க.

அடுத்து தங்கம். மெஷினுக்கு தங்கம்னு ஒன்னு தெரியவே தெரியாது. அந்தப் பொருள்ல கரண்ட் எவ்ளோ நல்லா ஓடுது, அது என்ன சைஸ், என்ன வடிவம், இத வெச்சுதான் ஸ்க்ரீன்ல ஒரு நம்பர் வருது. கசக்கிப் போட்ட மாத்திரை அட்டையும் ஒரு சின்னத் தங்க மோதிரமும் அதே நம்பர்ல வந்து நிக்கும். நான் எத்தனையோ தடவை ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு கஸ்டமர் கையில மெஷினக் குடுத்து எது எதுன்னு சொல்லச் சொல்லியிருக்கேன், கண்ண மூடிட்டு கேட்டா எனக்கே வித்தியாசம் தெரியாது. அப்ப அலுமினியக் குப்பைய தோண்டாம தங்கத்த மட்டும் தோண்டணும்னா அதுக்கு மெஷின் இல்ல.

இந்த ஆசைய வெச்சுதான் பெரிய ஏமாத்து நடக்குது. துப்பாக்கி மாதிரி ஒரு கைப்பிடி, முன்னாடி ரெண்டு ஆன்டெனா, பெட்டி நெறைய கார்டு, "ஒரு கிலோமீட்டர் தூரத்துல இருக்கற தங்கத்த காட்டும்"னு வீடியோ. லாங் ரேஞ்ச் லொக்கேட்டர்னு பேரு. நான் பிரிச்சுப் பாத்ததுல சிலதுக்குள்ள ஒரு பேட்டரி, ஒரு எல்இடி, ஒரு பஸ்ஸர், அவ்வளவுதான் இருந்துச்சு, ஆன்டெனா திரும்பறது நம்ம மணிக்கட்டு லேசா சாயறதாலதான். இதே வகைப் பொருள வெடிகுண்டு கண்டுபிடிக்கற கருவின்னு சொல்லி ஈராக் அரசாங்கத்துக்கே வித்தாங்க, ஏடிஇ 651னு பேரு, அதுக்குள்ள வேலை செய்யற மாதிரி ஒன்னுமே இல்ல, பேட்டரி கூட இல்ல. பாக்தாத் செக்போஸ்ட்ல சிப்பாய்ங்க அத நம்பி வண்டிய விட்டாங்க, குண்டு வெடிச்சு ஜனங்க செத்தாங்க. வித்த ஜேம்ஸ் மெக்கார்மிக்குக்கு 2013-ல லண்டன் கோர்ட்டு 10 வருஷம் ஜெயில் குடுத்துச்சு. ஒரு நாட்டையே ஏமாத்த முடிஞ்சவங்களுக்கு ஊர்ல நிலத்த வித்து காசு வெச்சிருக்கற ஒருத்தர ஏமாத்தறது எவ்ளோ சுலபம்னு யோசிங்க. நம்ம ஊர்ல அரிசிய இழுக்கற அதிசயப் பாத்திரம்னு ரைஸ் புல்லர், இரிடியம் கலசம்னு சொல்லி ஏமாத்திட்டு சுத்தறதும் இதே கூட்டத்தோட சொந்தக்காரங்கதான்.

புதையல் எடுக்கத்தான் மெஷின்னா தயவுசெஞ்சு சட்டத்த தெரிஞ்சுக்கங்க. 1878-ல வந்த புதையல் சட்டம் இன்னும் நடைமுறையில இருக்கு. மண்ணுக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்த பொருள் 10 ரூபாய்க்கு மேல மதிப்புல கெடச்சா கலெக்டருக்கு எழுத்துல தெரியப்படுத்தியே ஆகணும், சொந்தப் பட்டா நிலமா இருந்தாலும் சரி. மறைச்சா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் கெடைக்கும். தொல்லியல் துறை போர்டு வெச்சிருக்கற இடத்துல அனுமதி இல்லாம கடப்பாரைய எடுக்கவே கூடாது.

சட்டத்த விடுங்க, இன்னொன்னு சொல்றேன். கீழடியில தமிழ்நாடு தொல்லியல் துறை 353 சென்டிமீட்டர் ஆழத்துல எடுத்த ஒரு கரித்துண்டு கி.மு. 580னு காலம் சொல்லுச்சு, 2019-ல வந்த அறிக்கையில அதுதான் எல்லாரையும் நிமிர்ந்து உக்கார வெச்சது. கரிக்கு மெட்டல் டிடெக்டர் கத்தாது. பானை ஓட்டுக்கும் கத்தாது. ஒரு செப்புக் காசுக்காக யாராவது அந்த எடத்துல குழி பறிச்சிருந்தா அந்த கரியும் ஓடும் எந்த அடுக்குல கெடந்துச்சுன்னே தெரியாம கலஞ்சு போயிருக்கும். அதனால தோட்டத்துல எதேச்சையா பழைய காசோ செப்புப் பாத்திரமோ தட்டுப்பட்டா தேய்ச்சுக் கழுவாதீங்க, அப்படியே போட்டோ எடுத்துட்டு விஏஓ கிட்டயோ தாசில்தார் ஆபீஸ்லயோ சொல்லிடுங்க. இலங்கையில வடக்குப் பக்கம் இருக்கற சொந்தங்க இத படிச்சா உங்களுக்கு ஒரே வார்த்தை, கண்ணிவெடி எடுத்து முடிச்சதா அறிவிக்காத மண்ணுல மெஷின எடுத்துட்டுப் போகவே போகாதீங்க. ஆள் மிதிச்சா வெடிக்கற கண்ணியில சிலதுல உலோகம் ரொம்பக் கொஞ்சமாத்தான் இருக்கும், ஹாபி மெஷின் சத்தம் குடுக்காததால அங்க ஒன்னும் இல்லன்னு ஆகாது.

சரி, அப்ப எதுக்குத்தான் வாங்கலாம்? தொலஞ்ச நகை தேட, மண்ணு மூடுன வால்வு மூடிய கண்டுபிடிக்க, கடற்கரையில பொழுதுபோக்கா தேட. சா மில் வெச்சிருக்கறவங்களுக்கு ரொம்பவே தேவை, ரோட்டோரப் புளியமரத்துல போர்டு மாட்ட அடிச்ச ஆணிய மரம் வளந்து உள்ள விழுங்கியிருக்கும், அறுக்கும்போது பிளேடு பல்லு தெறிச்சு ஆளுக்கே அடிபடும். மரத்துக்கு பெரிய மெஷினெல்லாம் வேண்டாம், சில ஆயிரத்துல வர்ற நல்ல வாண்ட் போதும், நாலு பக்கமும் உருட்டி நிதானமாத் தடவணும்.

மண்ணுக்குன்னா விஎல்எஃப் (குறைஞ்ச அலைவரிசையில ஓடுற சாதாரண வகை) மெஷின்ல ஆரம்பிங்க. பல்ஸ் இண்டக்‌ஷன்னு இன்னொரு வகை இருக்கு, உப்பு மண்ணுலயும் இரும்புச் சத்து அதிகமான மண்ணுலயும் அது நல்லா வேலை செய்யும், ஆனா ஆணியையும் மோதிரத்தையும் பிரிச்சு சொல்றதுல அது ரொம்ப வீக், கத்துக்குட்டி ஒரே நாள்ல அலுத்துப் போயிடுவாரு. அமெரிக்கா கேரட் (Garrett), ஆஸ்திரேலியா மைன்லேப், துருக்கி நோக்டா இந்த மூணு கம்பெனியுமே தொடக்க மாடல் வெச்சிருக்காங்க, எது வாங்கினாலும் தப்பில்ல. நான் கஸ்டமர் கிட்ட கேக்கறது வேற. கிரவுண்ட் பேலன்ஸ் கையால மாத்த முடியுமா? ஏன்னா நம்ம செம்மண்ணுல இரும்பு அதிகம், அத செட் பண்ணலன்னா மெஷின் மண்ணுக்கே புலம்பிட்டு இருக்கும். காயில் மட்டும் வாட்டர்ப்ரூஃபா, ஸ்க்ரீன் இருக்கற பெட்டியும் சேத்தா? பல மாடல்ல தண்ணிக்குள்ள காயில மட்டும்தான் விடலாம், இது தெரியாம அலையில முக்கி எடுத்துட்டு வந்த சர்க்யூட் போர்டு என் கடையில இன்னும் கெடக்கு. ஹெட்போன் போட வழி இருக்கா? இது ரொம்ப முக்கியம், ஆழத்துல இருக்கறது மெல்லிசாத்தான் முனகும், காத்து சத்தத்துல அது கேக்காது. ஒரிஜினல் பில், வாரண்டி கார்டு கேட்டு வாங்குங்க, டூப்ளிகேட் நெறைய சுத்துது. பெரிய காயில் ஆசை வேண்டாம், குப்பை நெறஞ்ச எடத்துல பெரிய காயிலுக்கு கீழ ஒரே நேரத்துல நாலு பொருள் மாட்டும், ஆணி மோதிரத்த மறைச்சிடும்.

வாங்கிட்டு வந்த அன்னைக்கே காட்டுக்கு ஓடாதீங்க. வீட்டுக் கொல்லையில பத்துக்குப் பத்து எடத்த குப்பையில்லாம சுத்தம் பண்ணிட்டு, தெரிஞ்ச பொருள நீங்களே புதைங்க. அஞ்சு ரூபாய் பித்தளைக் காசு ஒன்னு 5 சென்டிமீட்டர்ல, ஒன்னு 10-ல, ஒன்னு 15-ல. ஒரு வெள்ளி மெட்டி, ஒரு ஆணி, ஒரு சோடா மூடி, மாத்திரை அட்டை. மேல குச்சி நட்டு என்னன்னு நோட்டுல எழுதிடுங்க. இதுல ஒரு விஷயம், இப்ப புழக்கத்துல இருக்கற ஒரு ரூபாய், ரெண்டு ரூபாய்க் காச காந்தத்துல வெச்சுப் பாருங்க, ஒட்டும். அது காந்தத்துல ஒட்டற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இரும்ப ஒதுக்குற மோடுல வெச்சுட்டு ஒரு ரூபாய்க் காசப் புதைச்சு தேடினா மெஷின் சத்தம் தடுமாறும், இல்ல வாயே திறக்காது, மெஷின் ரிப்பேர்னு என்கிட்ட தூக்கிட்டு வருவாங்க. மெஷின்ல ஒரு கோளாறும் இருக்காது.

காயில் மண்ணுக்கு ரெண்டு விரக்கடை மேல, தரைக்கு சமமா போகணும். அருவா வீசற மாதிரி ரெண்டு பக்கமும் மேல தூக்கிடுவோம், எல்லாரும் செய்யற தப்பு இது, தூக்குன எடமெல்லாம் தேடாத எடம்தான். ஒரு வீச்சுக்கு அடுத்த வீச்சு பாதி மேல பாதி விழணும். சத்தம் வந்துச்சுன்னா அப்படியே நில்லுங்க, 90 டிகிரி திரும்பி குறுக்கால வீசுங்க, ரெண்டு கோடும் வெட்டிக்கிற எடம்தான் பொருள். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கேட்டா தோண்டலாம், ஒரு பக்கம் மட்டும் கேட்டு மறுபக்கம் கீறலா வந்தா பெரும்பாலும் இரும்பு, ஆனாலும் முதல் மாசம் அதையும் தோண்டிப் பாருங்க, காதுக்கு அப்பதான் பழக்கம் வரும். தோண்டுன குழிய மூடாம வராதீங்க, ஆடு மாடு கால் விட்டு ஒடியும்.

கிட்ட இருக்கற உலோகம்தான் பெரிய தொந்தரவு. 1881-ல அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்ட சுட்டப்ப உடம்புக்குள்ள இருந்த குண்டத் தேட டெலிபோன் கண்டுபிடிச்ச கிரஹாம் பெல் இந்த தத்துவத்துலதான் ஒரு கருவி செஞ்சு கொண்டு போனாரு, குண்டு கெடைக்கல. கார்ஃபீல்ட் படுத்திருந்த மெத்தைக்குள்ள ஸ்டீல் ஸ்பிரிங். அதனால செல்போன தூர வெச்சுட்டு வாங்க, இரும்பு லாடம் அடிச்ச செருப்பு வேண்டாம். மேல ஈபி லைன் போச்சுன்னாலோ பக்கத்துல மோட்டார் ஓடுச்சுன்னாலோ மெஷின் காரணமில்லாம கத்தும், சென்சிட்டிவிட்டிய எறக்குங்க. முழுசா வெச்சாத்தான் ஆழம் போகும்னு வெச்சுட்டு எரிச்சல்ல திரும்பி வர்றவங்கதான் அதிகம்.

போன வருஷம் பல்லடம் தாண்டி ஒரு கடலைக்காட்டுக்கு கூப்பிட்டாங்க. செடி புடுங்கும்போது அந்த அக்காவோட தாலிச் செயின் அறுந்து விழுந்திருக்கு, மெல்லிசு செயின், ரெண்டு பவுன், அதுல தாலியும் ரெண்டு குண்டும். மகன் ஆன்லைன்ல புது மெஷின் வாங்கி ரெண்டு நாள் அந்த காட்ட முழுசா நடந்திருக்கான், ஒன்னுமே இல்ல. அந்த அக்கா மஞ்சக் கயித்துல விரலி மஞ்சள கோத்துக் கழுத்துல கட்டிட்டு வரப்புல உக்காந்திருந்தாங்க, சரியா சாப்பிடலன்னு சொன்னாங்க. "தம்பி, யாராச்சும் எடுத்திருப்பாங்களோ" அப்படின்னு மட்டும் கேட்டாங்க, கூட வேலை செஞ்சவங்க மேல சந்தேகப்பட மனசில்லாத குரல்ல.

பையன் மெஷின வாங்கிப் பாத்தேன், காயின் மோடுல இருந்துச்சு. அந்த மோடு மாத்திரை அட்டை வரைக்கும் இருக்கற கீழ் நம்பர் எல்லாத்தையும் ஊமையாக்கிடும். மெல்லிசு செயின் அங்கதான் வரும், ஏன்னா கண்ணிக்கும் கண்ணிக்கும் நடுவுல கரண்ட் சரியா ஓடாது, மெஷினுக்கு அது ஒரு நகையா தெரியாது, ஒவ்வொரு குட்டிக் கண்ணியாத்தான் தெரியும். அதோட முட்டி உயரத்துல வீசியிருக்கான். மோட்டார நிறுத்தச் சொன்னேன், எந்த உலோகத்தையும் ஒதுக்காத ஆல் மெட்டல் மோடுக்கு மாத்தினேன், ஒரு மீட்டர் அகலத்துக்கு கயிறு கட்டி ஒவ்வொரு பாத்தியா போனோம். சொட்டுநீர்க் குழாய் கட்டுன கம்பித் துண்டு, போல்ட்டு, ஒரு உடைஞ்ச களைக்கொத்து, எல்லாத்தையும் எடுத்து வாளியில போட்டுட்டே வந்தோம். இருட்டிடுச்சு, மறுநாள் காலையில திரும்ப. பதினோராவது கயிறுல, செடி குவிச்சு வெச்சிருந்த எடத்தோரம், சின்னதா ரெண்டு முனகல், திரும்பி வந்தாலும் ரெண்டு, குறுக்கால போனாலும் ரெண்டு. கையாலயே மண்ண விலக்குனோம். நாலு விரல் ஆழத்துல தாலி முதல்ல தலை காட்டுச்சு, செயின் அது பின்னாலயே வந்துச்சு.

அது அந்தப் பையன் ரெண்டு தடவை நடந்து போன எடம்தான், அவன் செருப்புத் தடம் அங்கயே இருந்துச்சு. அந்த அக்கா சொட்டுநீர்க் குழாய்த் தண்ணியிலயே கழுவி, கண்ணுல ஒத்தி, மடியில முடிஞ்சுக்கிட்டாங்க. கூட வேலை செஞ்ச ரெண்டு பொம்பளைங்களும் ஓடி வந்து அவங்க கையப் புடிச்சுட்டு அழுதாங்க.